முப்பத்திரண்டாம் பக்கத்தில் கிடந்த நூல்

வழியில் பையைத் திறக்கக் கூடாது என்று நூலகத்தை நடத்தும் அக்கா முதல் நாளே உங்களிடம் சொல்லியிருப்பார். புத்தகம் மழையில் நனைந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். மழைக்காக அல்ல. அந்த விதி என்னால் வந்தது.

நீங்கள் இருவரும் போன மாதம் சேர்ந்தவர்கள். ஸ்கூட்டரில் போகிறீர்கள். நான் இருபத்திரண்டு வருடம் சைக்கிளில் இந்த வாடகை நூலகத்துப் புத்தகங்களைப் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழங்கால் தேய்ந்துபோனதால் இந்த ஆனி மாதம் சைக்கிளை விட்டு இறங்கினேன். வேலையைப் பற்றிப் புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லு என்றார் அக்கா. நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது. அக்கா பிழைகளைத் திருத்தியிருக்கிறார். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

எந்தத் தெருவில் எந்த நேரம் போக வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது புத்தகத்துக்குள் கிடக்கும் நூல் துண்டுகளைப் பற்றி.

நான் சேர்ந்த புதிதில் அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். நாவலைப் படித்து முடித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுத வேண்டும். நோட்டை நான்தான் பையில் தூக்கிக்கொண்டு போவேன். எல்லாரும் ‘மிக நன்று’ என்று எழுதினார்கள். சிலர் நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவசரமாக ‘நன்று’ என்று எழுதினார்கள். ஒருநாள் ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாவலுக்குள், நாற்பதாம் பக்கத்தில், கிளிப்பச்சைப் பட்டு நூல் ஒரு துண்டு கிடந்தது. அடையாளத்துக்கு வைத்து, எடுக்க மறந்துவிட்டார்கள்.

“அக்கா, இவங்க நாப்பதுலயே வுட்டுட்டாங்க” என்றேன்.

“நோட்டுல மிக நன்றுன்னு எழுதியிருக்காங்களேபா.”

“நோட்டுல எழுதியிருக்காங்க. நூலு நாப்பதுல இருக்குது.”

அக்கா வெகுநேரம் சிரித்தார். நோட்டை அன்றே மூடி அலமாரிக்கு மேலே போட்டார். அதன் பிறகு எங்கள் வாசகர்களின் கருத்து நூலில்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் நூல் இருந்தால் முழுவதும் படித்தார்கள். நடுவில் இருந்தால் அங்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஏதாவது ஒரு பக்கம் மனதைப் பிடித்துக்கொண்டால் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு அந்தப் பக்கத்தில் வைப்பார்கள். யாருடைய நூல் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த மாதம் எந்த வீட்டுத் தறியில் என்ன நிறம் ஓடுகிறது என்று தெருவுக்கே தெரியும். பூக்கடை ரத்தினம்மாவுக்குத் தறி கிடையாது. அவர் பூக் கட்டுகிற வாழைநாரைக் கிழித்து வைப்பார்.

என் வீட்டிலும் தறி கிடையாது. என் அப்பா தென்னேரிப் பக்கம் கூலி வேலை செய்துவிட்டு இந்த ஊருக்கு மூட்டை தூக்க வந்தவர். எனக்கென்று ஒரு நூல் இருந்ததில்லை. தேவையும் படவில்லை. காரணம், நான் எந்த நாவலையும் படித்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு பக்கம் படிக்க அரை மணி ஆகும். இரண்டாவது பக்கத்துக்கு வரும்போது முதல் பக்கத்தில் யார் யாருடைய மாமன் என்பது மறந்துபோயிருக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் “ஏழுமலை, இது எப்படி இருக்குது?” என்று கேட்பார்கள். நான் போன வீட்டில் சொன்னதை இந்த வீட்டில் சொல்வேன். நூல் எங்கே இருந்ததோ அதை வைத்து இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்வேன். “ஆரம்பம் மெதுவாத்தான் போவும், நூறு தாண்டினா கீழ வைக்க மாட்டீங்கம்மா” என்பேன். அது சரியாகத்தான் இருக்கும். ஏழுமலை சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் எனக்கு இருந்தது. தை மாதம் சென்னையில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு அக்கா என்னைத்தான் கூட்டிப்போவார். ஒவ்வொரு நாவலாக எடுத்து, “இது நம்ம ஊர்ல போவுமாபா?” என்று கேட்பார். நான் அட்டையைப் பார்ப்பேன், பின் அட்டையைப் பார்ப்பேன், யோசிப்பதுபோல ஒரு நிமிடம் நிற்பேன், பிறகு சொல்வேன். வருடத்தில் அந்த ஒரு நாள் நான் பை தூக்குகிறவன் இல்லை. அந்த நாளுக்காக ஒரு சட்டையைத் தனியாக வைத்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் தணிகாசலம் வந்தான்.

தணிகாசலமும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒரே வருடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றோம். அவனை அவன் அப்பா தறியில் உட்கார வைத்தார். என்னை என் அப்பா மளிகைக் கடையில் விட்டார். நான் நூலகத்தில் சேர்ந்த பிறகு தெருவில் என்னைப் பார்த்தால், “இன்னாடா, கதைய மூட்ட கட்டிக்கினு போறியா?” என்று கேலி செய்வான். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவனுக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கு ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஊரடங்கு நேரத்தில் தறிகள் நின்றிருந்தபோது அவன் ஒரு நாவல் கேட்டான். கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் நூல். இன்னொன்று கேட்டான். தறி மறுபடி ஓட ஆரம்பித்தும் நிறுத்தவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம் வாங்கினான்.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்று பிற்பகல் நூலகத்து மாடியில் வாசகர்கள் கூடுவார்கள். சமீபத்தில் படித்த நாவலைப் பற்றி ஒவ்வொருவரும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது அக்கா வைத்த ஏற்பாடு. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் வருவார். அவர் ‘பாத்திரப் படைப்பு’ என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தணிகாசலம் முதன்முதலாக வந்த அன்று, எல்லாரும் புகழ்ந்த ஒரு குடும்ப நாவலைப் பற்றி அவனிடம் கேட்டார்கள்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா நாலு அத்தியாயமா வூட்ல ஒரே சண்ட. ஒருத்தரும் சோறு திங்கல. சண்ட நடக்குற வூட்லதான்பா பசி ஜாஸ்தி. இத்த எழுதுனவரு சண்ட போட்டதே இல்ல போலக்குது” என்றான்.

மாடியே சிரித்தது. விரிவுரையாளர் தன் டைரியில் எதையோ குறித்துக்கொண்டார். இன்னொரு அமாவாசையில், மழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஒரு நாவலைப் பற்றி, “பதினோரு பக்கம் மழ பெய்யுது. நனைஞ்சவன் ஒருத்தனும் இல்ல” என்றான்.

அதற்குப் பிறகு வாசல்களில் கேள்வி மாறிவிட்டது. ‘எப்படி இருக்குது ஏழுமலை?’ என்பது போய், “தணிகாசலம் நூலு எங்க இருக்குது?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைப் புரட்டி அவன் நூலைத் தேடினார்கள்.

எனக்கு அது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். படித்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. விரிவுரையாளர் பேசலாம், படித்தவர். தணிகாசலம் என் பெஞ்சு. பதினாறாம் வாய்ப்பாட்டில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கி ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். அவனால் முந்நூறு பக்கம் படிக்க முடிகிறது, என்னால் மூன்று பக்கம் முடியவில்லை என்றால், குறை என் பள்ளிக்கூடத்தில் இல்லை, என் அப்பாவிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று ஆகிறது. இதை நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். கூட்டத்தில் அவனுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் விடுவதைக் கவனித்தேன். எல்லாருக்கும் காகிதக் கப்பில் டீ, அவனுக்கு மட்டும் அக்கா எவர்சில்வர் டம்ளரில் கொடுத்ததைக் கவனித்தேன். ஒரு நாள் அந்த டம்ளரை நான் கழுவி மேல் அலமாரியில் ஒளித்து வைத்தேன். அடுத்த அமாவாசைக்கு அக்கா புது டம்ளர் வாங்கிவிட்டார்.

பொடி எழுத்தில் உள்ள தடித்த நாவல்களைத் தேடித் தேடி அவனுக்குக் கொடுத்தேன். பத்து நாளில் முடிச்சுப் போட்ட நூலோடு திரும்பின. நானும் கூட்டத்தில் பேச வேண்டும் என்று தீர்மானித்து, ரத்தினம்மா என்னிடம் சொன்ன ஒரு கருத்தை மாற்றி அமைத்து, இரண்டு வாரம் சைக்கிளில் சொல்லிப் பழகினேன். எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “நல்லா இருந்துது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தணிகாசலம் மட்டும் கை தட்டினான். கேலிக்குத் தட்டினானா, உண்மையாகவே தட்டினானா என்று இன்றுவரை தெரியாது. அன்று கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

போன ஐப்பசி அமாவாசையில் அக்கா ஒரு விஷயம் சொன்னார். அவருக்கு நீரிழிவு அதிகமாகிக் காலில் புண். இந்த முறை புத்தகக் காட்சிக்குப் போக முடியாது. அவருக்குப் பதிலாக ஒருவர் போய் வருடத்துக்கான நாவல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழுமலையா தணிகாசலமா என்று கார்த்திகை அமாவாசையில் சொல்வதாகச் சொன்னார். என் பெயரை முதலில் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவனைப் பார்த்துச் சொன்னார்.

அந்த மாதம் தணிகாசலம் ஒரு நாவலைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். ரயில்வே கேட் காக்கும் ஒருவனையும் அவன் மனைவியையும் பற்றிய கதை. டீக்கடையில் சொன்னான், கோயில் குளத்துப் படியில் சொன்னான். கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அவன் மனைவி கோமதி அதைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது ரத்தினம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாத்தியிருந்த ஒரு ஜவுளிக் கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். பையைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மயில் கழுத்து நிறத்தில் நூல், முடிச்சுப் போட்டு.

பட்டு நூல் முடிச்சு சுலபத்தில் அவிழாது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். நூலை நேராக நீவி, கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து வைத்தேன். முப்பத்திரண்டாம் பக்கம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்திரண்டில் விட்டுவிட்டு முழுவதும் படித்ததுபோல ஊரெல்லாம் பேசியவன் என்று அவனுக்குப் பெயர் வர வேண்டும். வேறு ஏதாவது பழி எனக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த குற்றம் அது ஒன்றுதான்.

கார்த்திகை அமாவாசைக் கூட்டத்தில் ரத்தினம்மாவின் முறை வந்தது. அவர் அந்த நாவலை மடியிலிருந்து எடுத்தார்.

“நான் இதப் படிக்கல. படிக்கலாம்னுதான் இருந்தேன். ஏன்பா தணிகாசலம், கேட்காரன் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே. உன் நூலு முப்பத்திரண்டுல கெடக்குது?”

தணிகாசலம் சிரித்துக்கொண்டே கை நீட்டி வாங்கினான். நூலை எடுத்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை உருட்டினான். சிரிப்பு நின்றது.

“மயில் கழுத்து. உன்துதானேபா?” என்றார் அக்கா.

“என்துதாங்க்கா.”

“முழுசாப் படிச்சியா?”

அவன் நூலை மறுபடி உருட்டினான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

“கத முழுக்கத் தெரியுங்க்கா” என்றான்.

“தெரியும்னா? சினிமாவா பாத்த?” என்றார் ரத்தினம்மா. எல்லாரும் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, “படிக்காமலே பேசுறதுக்கும் ஒரு தெறம வேணும்பா” என்றார்கள். தணிகாசலம் மின்விசிறிக்குக் கீழே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கு அர்த்தம் இல்லை. இனித்தது. ஆனால் கூடவே ஒரு குழப்பம். அவன் தப்புச் செய்யவில்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் உறுதியாகத் தெரியும். அப்படியிருக்க, பிடிபட்டவன்போல ஏன் உட்கார்ந்திருக்கிறான்? அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். “முழுசாப் படிச்சியா?” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இருபது வருடமாக நான் வைத்திருந்த முகம்.

“இந்த வருஷம் ஏழுமலயே போவட்டும். இவன் வாய்ல ஒண்ணும் வராது. ஆனா பொய்யும் வராது” என்றார் அக்கா.

ஐந்து நாள் கழித்து, தணிகாசலத்துக்குக் கொடுக்க வேண்டிய புத்தகத்தோடு போனேன். எப்போதும் வாசலில் மணி அடிப்பேன், கோமதி வந்து வாங்கிக்கொள்வாள். அன்று டயர் பஞ்சர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் போய் நின்றேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே கோமதியின் குரல். யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. படித்துக்கொண்டிருந்தாள். தறி அடிக்கும்போது குரலை உயர்த்தினாள், அடி விழுந்த இடைவெளியில் இறக்கினாள். சத்தத்துக்கு மேலே ஏறிப் படிக்கிற பழக்கம் ஒரு நாளில் வந்ததாக இல்லை.

ஒரு இடத்தில் தறி நின்றது. குரலும் நின்றது.

“இன்னாங்க, ஊட நூலு அறுந்துதா?”

“அறுந்துபோவல. அந்த வரிய இன்னொரு தபா படி.”

படித்தாள். பிறகு அவள், “வைக்கட்டா?” என்று கேட்டாள். “வை” என்றான். நூலை அவள் கடித்து அறுக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. தறி மறுபடி ஓடியது.

தெருவில் நின்ற எனக்குப் புரிந்தது. அவனும் படிக்கவில்லை. என்னைப்போலத்தான் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தறி எந்தப் பக்கத்தில் நின்றதோ அந்தப் பக்கத்தில் முடிச்சு விழுந்தது. கூட்டத்தில் உண்மையைச் சொல்லித் தப்பிக்க வேண்டுமானால், தான் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் தலை குனிந்தான்.

இதைப் புரிந்துகொண்டதும் நான் வருந்தியிருக்க வேண்டும். வருத்தம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது இன்னும் பெரிய பொறாமை. அவனுக்குப் படித்துக்காட்ட ஒருவர் இருக்கிறார். என்னிடம் ஒரு பை நிறையப் புத்தகம் இருந்தது, ஒரு வரி படித்துக்காட்ட ஆள் இருந்ததில்லை.

கோமதி எதற்கோ வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, எப்ப வந்தீங்க? நல்ல வேளை, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேட்காரன் கதைல நூலு நான்தான் வெச்சேன். இருநூத்திப் பன்னெண்டுல வெச்சதா ஞாபகம். கொழந்த வந்து மேல வுழுந்தான், புக்கு கீழ போச்சு. எடுத்து வெக்கசொல்ல மாத்தி வெச்சிட்டேனோ என்னமோ. கூட்டத்துலேர்ந்து வந்து நாலு நாளு கதையே வேணாம்னுட்டாரு. இன்னிக்குத்தான் மறுபடி ஆரம்பிச்சோம். என்னாலதாண்ணே அவருக்கு மானம் போச்சு.”

எனக்கு ஒரு வழி திறந்து கிடந்தது. ஆமாம்மா, குழந்தை உள்ள வீட்டில் அப்படித்தான் ஆகும் என்று சொன்னால் போதும். தை மாதம் சென்னைக்குப் போகலாம், சட்டை தயாராக இருக்கிறது. உங்களுக்கும் இந்த வேலையில் இப்படி ஒரு வாசல் என்றாவது வரும். நல்லவனாக இருந்து நான் மறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அவள் கையிலிருந்த புத்தகத்தில் விரல் வைத்திருந்தாள், விட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதற்காக. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“நீ மாத்தலமா. நான்தான் மாத்துனேன்.”

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே தறி நின்றது.

“தெரியும்டா” என்றான் தணிகாசலம், எழுந்து வராமல், தறிக் குழியில் உட்கார்ந்தபடியே. “நூலத் தொட்டவொடனே தெரிஞ்சிது. முடிச்சுப் போட்ட எடத்துல நெளிவு இருந்துது. பல்லு வேற பட்டிருக்குது. ஏன்டா, அவுக்க வரலன்னா அறுத்துட்டு வேற நூல் வைக்க வேண்டியதுதானே? இது கூடவா தெரியாது?”

“அன்னிக்கே ஏன்டா சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? எனக்குப் படிக்க வராதுன்னு மொதல்ல சொல்லணும். அப்பால உன்னத் திருடன்னு சொல்லணும். அஞ்சாங்கிளாஸ் ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாட்டணுமா? ஒருத்தனாவது யோக்கியன்னு இருக்கட்டும்னு வுட்டேன்.”

கோமதி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. புத்தகத்தை வாங்காமல் உள்ளே போய்விட்டாள். வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்காவிடம் போனேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும்.

“ரத்தினம்மா ஒரு நல்ல கதையப் படிக்காம திருப்பிட்டாங்க. இந்தக் கூட்டத்துல யாரு வேணா பொய் சொல்லலாம். நூலு சொல்லாதுன்னு இருந்தேன். அதுலயும் கை வெச்சிட்ட. ஏன் செஞ்ச?”

“பொறாமக்கா.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் விடாமல், “நான் ஒரு கதையும் படிச்சதில்லக்கா. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தராண்ட சொல்வேன். அவ்ளோதான்” என்றேன்.

அக்கா காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார்.

“இருவது வருஷத்துல நீ எங்கிட்ட சொன்ன மொத சொந்த அபிப்ராயம் இந்தப் பொறாமதான்” என்றார். சிரிக்கவில்லை. “மார்கழி அமாவாசைல எல்லார் முன்னாடியும் சொல்லு. மிச்சம் அப்புறம் பாத்துக்கலாம்.”

சொன்னேன். எழுந்து நின்று மூன்று வாக்கியம். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ரத்தினம்மா முதலில் வாயைத் திறந்தார். “அடப் பாவி. பூ கட்டுற கைக்கு லீவு வுட்டுப் படிக்க ஒக்காந்தேன்டா. கெடுத்துட்டியே. குடு அந்தப் புக்க.” எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகு தணிகாசலம் எழுந்தான். “நான் படிக்கிறதில்ல. இதோ இவ படிப்பா. நான் கேப்பேன். பேசுறது மட்டும் நானு” என்றான். கோமதி கடைசி வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக வந்திருந்தாள். அக்கா எவர்சில்வர் டம்ளரை அவளிடம் கொடுக்கச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

தை மாதம் அவர்கள் இரண்டு பேரும்தான் சென்னைக்குப் போனார்கள். நான் பை தூக்கப் போனேன். தனியாக வைத்திருந்த சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கடை கடையாக நின்று கோமதி ஒரு பக்கம் தாழ்ந்த குரலில் படித்தாள். தணிகாசலத்தின் வலது கால், மிதிகட்டையில் இருப்பதுபோல, தரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கால் நின்ற புத்தகங்களை அவள் என்னிடம் நீட்டினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு ஓரடி பின்னால் நின்றேன். அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் மறுபடி நூலை மாற்றி வைத்ததுபோல் ஆகும்.

அதனால், வாசலில் கேட்டால் “நான் படிக்கல” என்று சொல்லுங்கள். அதற்காக ஒருவரும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள். நூல் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். பையை வழியில் திறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகு எனக்கு நேரம் கிடைத்தது. கேட்காரன் கதையை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்துக்கு அரை மணி. யார் யாருடைய மாமன் என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதில் கேட்காரன் ரயிலுக்குக் காட்டும் கொடியைத் துவைத்துக் காயப்போடுகிறான், அவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டில் புருஷன் காய்ச்சலில் கிடக்க, மனைவி முதல் தடவையாகத் தானே கேட்டைச் சாத்துகிறாள். அந்தப் பக்கத்தில் லாரிக்காரன் கத்துகிறான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பக்கம். ஆனால் எனக்கு அங்கே எதுவும் நிற்கவில்லை. எனக்கு நின்றது நூற்று நாற்பத்தேழில். ரயிலில் போகும் கார்டு தனக்குக் கை காட்டியதே இல்லை, அடுத்த கேட்காரனுக்கு மட்டும் தினமும் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அவன் அன்று முழுவதும் கொடியைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றரை மணி நேரம்.

எனக்குத் தறி இல்லை, பட்டு நூல் இல்லை. புத்தகக் கட்டைக் கட்டி வந்த சணலில் ஒரு துண்டு எடுத்து முடிச்சுப் போட்டு அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முரட்டுச் சணல், அதனால் புத்தகம் சரியாக மூடாது. குப்பை என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் புத்தகத்தைக் கோமதி இன்னொரு முறை கேட்டிருக்கிறாளாம். அடுத்த வாரம் உங்களில் ஒருவர் கொண்டுபோவீர்கள். கொடுத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டாம். இரண்டு மூன்று நாள் அந்தத் தெரு வழியாகப் போகும்போது ஸ்கூட்டரை அணைத்துவிட்டு வாசலில் கொஞ்சம் நின்று கேளுங்கள். நூற்று நாற்பத்தேழில் தணிகாசலத்தின் தறி நிற்கிறதா என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.